ஒவ்வாமைப் பரிசோதனை: காகிதம் சொல்வதும் கதை சொல்வதும்

ஒவ்வாமை என்பது பாடப்புத்தகத்துச் சொல். மஸ்கெலியாப் பக்கத்து வீடுகளில் அது புழங்குவதில்லை. தோட்டத்துத் தாய்மார் "எங்க புள்ளைக்கு முட்டை ஒத்துக்காது டீச்சர்" என்பார்கள். எமது முஸ்லிம் வீடுகளில் "எங்கட மகளுக்கு இறால் கூடாது" என்பார்கள். வயதானவர்கள் கத்தரிக்காயையும் கருவாட்டையும் கிரந்தி என்றோ கரப்பான் என்றோ ஒதுக்குவார்கள். அன்னாசி சூடு, தயிர் குளிர். இளையவர்களோ இவை எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி "எலர்ஜி" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் இத்தனை சொற்களும் ஒரே நோயைக் குறிப்பவை அல்ல. பால் குடித்ததும் வயிறு ஊதி வயிற்றோட்டம் போகிறதென்றால், பாலிலுள்ள இலக்ரோசு என்ற வெல்லம் சமிக்கவில்லை என்று பொருள். அது ஒவ்வாமை அன்று. காரம் தின்று நெஞ்சு எரிவதும் ஒவ்வாமை அன்று. ஆனால் அதே பாலில் ஒரு மிடறு குடித்த உடனே உதடு வீங்கி, உடம்பு தடித்து, மூச்சு இழுக்குமானால் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. இரண்டையும் எங்கள் வாய்மொழி "பால் ஒத்துக்காது" என்றுதான் சொல்கிறது.

இப்போது புதிதாக ஒரு நம்பிக்கையும் வந்து சேர்ந்திருக்கிறது. "சீனி, கொலஸ்ரோல் பாக்கிற மாதிரி எலர்ஜி டெஸ்ட் ஒண்டு எடுத்துப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிடும்தானே?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். தெரியாது என்பதே பதில். சீனிக்குப் பார்க்கும் பரிசோதனை ஒரு பொருளின் அளவைச் சொல்கிறது. அளவு கூடினால் நோய். ஒவ்வாமைப் பரிசோதனை அப்படிப்பட்டதன்று. நாம் ஒரு கேள்வியோடு போனால்தான் அது பதில் சொல்லும். கேள்வி இல்லாமல் போனால் அது தரும் காகிதம் குழப்பத்தையே கூட்டும். அந்தக் கேள்வி நோயாளியின் கதையிலிருந்து வருகிறது. என்ன தின்றார், எப்போது தின்றார், எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது என்ற கதைதான் முதற் பரிசோதனை.

ராஸியும் ரோசாப்பூவும்

எமது வைத்திய மரபில் இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. மாபெரும் வைத்தியர் அபூபக்ர் அர்ராஸி (865-925) ஒரு சிறு நூல் எழுதினார். அறிஞர் அபூஸைத் அல்பல்கீக்கு வசந்த காலத்தில் ரோசாப்பூவை முகரும்போது தடிமன் பிடிப்பது ஏன் என்பதே அதன் பொருள். பருவகாலத்தோடு வந்துபோகும் மூக்கு ஒவ்வாமை பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதைக் கொள்கிறார்கள். ராஸியிடம் ஊசியும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. எந்த மாதம், எந்தப் பொருள், எந்தத் தொல்லை என்ற மூன்றையும் அவர் இணைத்துப் பார்த்தார்.

ஆனாலும் கதை மட்டும் எப்போதும் போதாது. பல்கீயின் தடிமனுக்கு உண்மைக் காரணம் ரோசா அல்லாமல், அதே வசந்தத்தில் காற்றில் பறந்த வேறொரு தாவரத்தின் மகரந்தமாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே நாட்களில் வருவதால் கதை அவற்றைப் பிரித்துக் காட்டாது. கதை சந்தேகத்தை ஒன்றிரண்டு பொருட்களுக்குள் கொண்டுவந்து நிறுத்தும். அதற்குப் பிறகுதான் பரிசோதனைக்கு வேலை.

அந்தப் பரிசோதனை வர ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. மஞ்செஸ்ரரில் வைத்தியராக இருந்த சார்ல்ஸ் பிளாக்லி, தன் கைத்தோலைச் சுரண்டி அதில் புல்லின் மகரந்தத்தை வைத்துப் பார்த்து, 1873இல் அந்த முடிவுகளை நூலாக வெளியிட்டார். 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னாவின் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே 1906இல் உருவாக்கினார். ஒவ்வாமையை ஏற்படுத்தும் பிறபொருளெதிரியை 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிஸாக்கா தம்பதியரும் சுவீடனில் ஜொஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஐஜிஈ.

உடலுக்குள் நடப்பது

விஞ்ஞான பாடத்தில் பிள்ளைகள் படிக்கிற நிர்ப்பீடனம் இங்கே தவறான ஆளைப் பிடித்துக்கொள்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடல், முட்டையின் புரதத்தையோ தூசியையோ பகையாக எண்ணி அதற்கென்று ஐஜிஈ பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. அவை தோலிலும் மூக்கிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் கலங்கள் என்பவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த தடவை அதே புரதம் வந்து அவற்றில் தொட்டதும் கலங்கள் வெடித்தாற்போலத் தம்முள் இருக்கும் இஸ்ரமினைக் கொட்டும். அரிப்பு, தடிப்பு, வீக்கம், தும்மல், இழுப்பு, வாந்தி, குருதியமுக்கம் இறங்கி மயக்கம் என்பன எல்லாம் அதன் விளைவுகள். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் இவை தொடங்கிவிடும்.

இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறபொருளெதிரி உடலில் இருப்பது வேறு, அது நோயாக வெளிப்படுவது வேறு. ஐஜிஈ இருந்தும் அந்த உணவைத் தாராளமாகத் தின்று சுகமாக இருப்பவர்கள் ஏராளம். ஒவ்வாமைப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை முதலாவதைத்தான் காட்டும், இரண்டாவதைக் காட்டா.

தோலில் குத்திப் பார்ப்பது

பரவலாகச் செய்யப்படுவது தோல் குத்துப் பரிசோதனை. முன்கையின் உட்புறத்தில் சந்தேகப் பொருட்களின் சாற்றைத் துளித்துளியாக வைத்து, ஒவ்வொரு துளியின் ஊடாகவும் சிறு ஊசிமுனையால் தோலின் மேற்பரப்பில் மட்டும் குத்துவார்கள். இரத்தம் வராது. கூடவே இரண்டு துளிகள் கட்டாயம் இருக்கும். ஒன்று இஸ்ரமின், அது தடிக்க வேண்டும். மற்றது வெறும் உப்புநீர். அது தடிக்கக் கூடாது. பதினைந்து இருபது நிமிடங்களில் தோன்றும் தடிப்பை அளப்பார்கள். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீற்றராவது பெரிதாக இருந்தால் 'பொசிட்டிவ்'.

இதில் எம்மவருக்கு முக்கியமான ஒரு செய்தி உண்டு. பிரிட்டோன், செற்றிரிசீன், லொராட்டடீன் போன்ற குளிசைகள் இஸ்ரமினின் வேலையைத் தடுப்பவை. அவற்றை விழுங்கிவிட்டுப் போனால் தோல் தடிக்காது. இருக்கும் ஒவ்வாமையும் இல்லாததுபோலத் தோன்றும். அதனால் பொதுவாக ஒரு வாரத்துக்கு முன்னரே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். பல தடிமன் பாணிகளிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. பாமசியில் பெயர் கேட்காமல் வாங்கிக் குடித்த பாணி ஒன்று, கொழும்புக்குப் போய்வந்த பஸ் பயணத்தையே வீணாக்கிவிடலாம். எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இழுப்புக்குப் பாவிக்கும் பம்பைத் தாமாக எவரும் நிறுத்திவிடக் கூடாது.

குருதிப் பரிசோதனை

குருதியில் குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு எதிரான ஐஜிஈ எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது இன்னொரு வழி. பிரிட்டோன் குடித்திருந்தாலும் இதற்குப் பாதகமில்லை. தோலில் கடுமையான எக்சிமா உள்ளவர்களுக்கும் உகந்தது. ஆனால் இதுவும் பிறபொருளெதிரி இருக்கிறதா என்பதையே சொல்கிறது. எண் பெரிதானால் ஒவ்வாமை இருக்கும் வாய்ப்புக் கூடும். வரப்போகும் தாக்கம் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

'மொத்த ஐஜிஈ' என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது. இதைத்தான் பலர் கையில் வைத்துக்கொண்டு கலங்குகிறார்கள். ஐஜிஈ ஒவ்வாமைக்கு மட்டும் உரியதன்று. குடற்புழுக்களை எதிர்க்கவும் உடல் அதையே உண்டாக்குகிறது. கொக்கிப்புழுவும் வட்டப்புழுவும் பெருந்தோட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவந்த தொல்லைகள் என்பதையும், 1990களிலிருந்து தோட்டங்களில் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டங்கள் நடந்துவந்ததையும் நாம் அறிவோம். எனவே மலையகத்துப் பிள்ளை ஒன்றின் மொத்த ஐஜிஈ உயர்ந்திருந்தால், அது உணவு ஒவ்வாமையாலும் இருக்கலாம், வயிற்றிலுள்ள பூச்சியாலும் இருக்கலாம். அந்த ஒற்றை எண்ணை வைத்து எந்த உணவையும் நிறுத்த முடியாது.

'இருநூறு உணவுகளுக்கு ஒரே பரிசோதனை' என்று விளம்பரம் செய்யப்படும் பொதிகளும் உள்ளன. அவற்றில் பல ஐஜிஈயை அளப்பதில்லை. ஐஜிஜி என்ற வேறொரு பிறபொருளெதிரியை அளக்கின்றன. நாம் ஓர் உணவைத் தொடர்ந்து உண்டாலே அதற்கு எதிரான ஐஜிஜி உருவாகும். அது நோயின் அடையாளமன்று. ஐரோப்பிய ஒவ்வாமை, நோயெதிர்ப்பியல் வைத்தியர் சங்கம் 2008இலேயே உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தப் பரிசோதனை உதவாது என்று அறிவித்துவிட்டது. தினமும் சோறும் பருப்பும் உண்பவருக்கு அரிசியும் பருப்பும் 'பொசிட்டிவ்' என்று வந்தால் வியக்க என்ன இருக்கிறது?

'பொசிட்டிவ்' வந்தால் நிறுத்திவிடலாமா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எமது லயன் அறைகளும் பழைய கடைவீடுகளும் மழைக்காலத்தில் ஈரம் காய்வதே இல்லை. தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் பெருகும். அவற்றால் காலையில் தும்மலும் இழுப்பும் வரும் பிள்ளைகள் நிறையப் பேர். தூசி உண்ணியின் உடலிலுள்ள ஒரு புரதம் இறாலிலும் கரப்பான் பூச்சியிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. ஆகவே உண்ணிக்கு ஒவ்வாமையுள்ள பிள்ளையைப் பரிசோதித்தால் இறாலுக்கும் 'பொசிட்டிவ்' வரலாம். அந்தப் பிள்ளை நேற்றுத்தான் இறால் குழம்பு தின்று சுகமாக இருந்திருக்கும்! கதையைக் கேட்டவர் அந்தக் காகிதத்தை ஒதுக்கிவைப்பார். கேட்காதவர் இறாலை நிறுத்தச் சொல்லிவிட்டு, உண்மைக் காரணமான தலையணையை அப்படியே விட்டுவிடுவார்.

இறாலை நிறுத்துவது பெரிய இழப்பல்ல. முட்டையையும் பாலையும் நிறுத்தினால்? 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். கொழுந்துச் சம்பளத்தில் மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம் முட்டைதான். தேவையற்ற ஒரு காகிதத்தை நம்பி அதைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுப்பது, இல்லாத நோய்க்குப் பயந்து இருக்கிற நோயை வளர்ப்பதாகிவிடும்.

விலக்கி வைப்பதே சில வேளை ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. பிரித்தானியாவில் எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நிலக்கடலை உணவைச் சிறு வயதிலேயே தொடர்ந்து கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. 2015இல் முடிவு வெளியானது. ஐந்து வயதாகும்போது உண்டவர்களிடையே கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. தொடக்கத் தோல் பரிசோதனையில் சிறிது தடிப்புக் காட்டிய குழந்தைகளிலும் அப்படியே. ஆனால் இதை வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. வைத்தியரின் கண்காணிப்பில் நடந்த ஆய்வு அது.

கதையும் காகிதமும் ஒத்துப்போகாதபோது இறுதி முடிவைத் தருவது உணவை உண்ணக் கொடுத்துப் பார்ப்பது. வைத்தியசாலையில், அவசர மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஊசியோ எண்ணோ தராத உறுதியை இதுதான் தருகிறது.

மீனா, மருந்தா?

கதை கேட்பதன் வலிமைக்கு எமது நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று இருக்கிறது. வெலிசறை நெஞ்சு நோய் வைத்தியசாலையில் பணியாற்றியவர் வைத்திய கலாநிதி சி. ஜி. ஊரகொட. மலையகத்தவர் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் அது. தேயிலைத் தொழிற்சாலையில் பறக்கும் மெல்லிய தூசி டீ மேக்கர்மாருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கலாம் என்பதை 1970இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் எழுதி உலகுக்குத் தெரிவித்தவர் அவர்.

காசநோய்க்கு ஐசோனியாசிட் குளிசை குடித்துவந்த சிலருக்குத் திடீரென்று முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்து, நெஞ்சு படபடத்தது. பார்த்தால் மருந்து ஒவ்வாமை போலவே இருக்கும். மருந்தை நிறுத்தினால் காசநோய் மிஞ்சும். ஊரகொடவும் மருந்தியற் பேராசிரியர் எஸ். ஆர். கொட்டேகொடவும் 1977இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. இவர்கள் மீன் தின்றிருந்தார்கள். பலயா போன்ற மீன்களை உரிய குளிரில் வைக்காவிட்டால் அவற்றின் சதையில் இஸ்ரமின் பெருகும். சாதாரணமாக உடல் அதைச் சிதைத்துவிடும். ஐசோனியாசிட் அந்தச் சிதைவைத் தடுத்ததால் நோயாளிகள் மாட்டிக்கொண்டார்கள்.

இஸ்ரமின் அளவு மிக அதிகமானால் எந்த மருந்தும் குடிக்காதவருக்கும் இதே தொல்லை வரும். சமைப்பதால் அந்த இஸ்ரமின் அழியாது. கடற்கரையிலிருந்து மலை ஏறி எமது சந்தைக்கு வரும் மீன் எத்தனை மணித்தியாலம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்பது யாருக்குத் தெரியும்? இப்படிப்பட்டவருக்கு மீன் ஒவ்வாமைப் பரிசோதனை செய்தால் 'நெகட்டிவ்' என்றே வரும். "அண்டைக்கு அந்த மீனைத் திண்ட எல்லாருக்குமே அப்படித்தான் செஞ்சுது" என்ற ஒரு வாக்கியம் போதும், வைத்தியருக்கு வழி புலப்பட்டுவிடும்.

எத்தனை மணித்தியாலத்துக்குப் பின் தொடங்கியது என்பதும் அவ்வளவு முக்கியம். மாட்டிறைச்சி ஒவ்வாமையில் ஒரு வகை உண்டு. இரவுச் சாப்பாட்டில் இறைச்சி தின்றவருக்கு நடுச்சாமத்தில்தான் உடம்பு தடிக்கும். உண்ணி கடித்ததால் இறைச்சியிலுள்ள ஒரு வெல்லப் பொருளுக்கு எதிராக ஐஜிஈ உண்டாவதே காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2009 அளவில் விளக்கினார்கள். ஹஜ்ஜுப் பெருநாளன்று இரவு யாருக்காவது இப்படி நேர்ந்தால், கடைசியாகத் தின்ற வட்டிலப்பத்தில் பழியைப் போட்டுவிடாமல் மாலையில் தின்றதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மாட்டிறைச்சி இன்னொரு விதத்திலும் எமக்கு முக்கியமானது. இலங்கையில் உணவால் வரும் கடும் ஒவ்வாமையில் பசும்பாலும் மாட்டிறைச்சியும் முன்னிடத்தில் நிற்கின்றன. இவை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் சிலருக்கு மாட்டுக் குருதிப் புரதம் கலந்த சில தடுப்பூசிகளால் தாக்கம் ஏற்படலாம் என்பதைக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். இதற்காகத் தடுப்பூசியைத் தவிர்ப்பது பெரும் தவறு. இறைச்சியோ பாலோ பிள்ளைக்கு என்ன செய்தது என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொன்னால், தக்க இடத்தில் தக்க கவனத்தோடு ஊசியைப் போடுவார்கள்.

எந்தக் குளவி?

தேயிலை மலையில் குளவிக் கொட்டு என்பது வாராவாரம் காதில் விழும் செய்தி. இங்கும் சொல்லில் ஒரு சிக்கல். எங்கள் பேச்சில் பெரிய மலைத்தேனீயும் குளவிதான், உண்மைக் குளவியும் குளவிதான். சிங்களத்தில் முன்னதைப் பம்பர என்றும் பின்னதைத் தெபர என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். இரண்டின் நஞ்சும் வேறு வேறு. பரிசோதனைக்குப் பாவிக்கும் நஞ்சுச் சாறும் வேறு. தேனீ தன் கொடுக்கைத் தோலிலேயே விட்டுச் செல்லும், குளவி விடாது. "கொடுக்கு ஒட்டிக்கிட்டு இருந்திச்சு" என்று சொல்வதே வைத்தியருக்குப் பெரிய தகவல்.

எத்தனை கொட்டு என்பதும் சொல்லப்பட வேண்டும். நூறு தேனீ கொட்டி ஒருவர் விழுந்தால் அது நஞ்சின் அளவால் வந்தது. ஒரே கொட்டில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்தால் அது ஒவ்வாமை. அடுத்த கொட்டு உயிரையே எடுத்துவிடலாம். பரிசோதனை இந்த இரண்டாவது ஆளுக்குத்தான் வேண்டும். கொட்டிய இடம் மட்டும் வீங்கியவருக்குப் பொதுவாகத் தேவையில்லை. கொட்டிய உடனே பரிசோதித்தால் தவறாக 'நெகட்டிவ்' வரலாம் என்பதால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே செய்வார்கள்.

மூச்சு அடைத்து மயங்கும் நேரத்தில் உயிர் காக்கும் மருந்து, தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. பிரிட்டோன் அரிப்பை அடக்கும், உயிரைக் காக்காது. குளிசையைக் கொடுத்துவிட்டு "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்காமல் ஆளைப் படுக்க வைத்து, கிட்டிய வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மூச்சு முட்டுகிறவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம்; எழுந்து நடக்கக் கூடாது.

பெருநாள் மருதாணியும் முதுகுப் பட்டியும்

எல்லா ஒவ்வாமையும் ஐஜிஈயால் வருவதல்ல. பெருநாளைக்குக் கடைகளில் வாங்கும் கறுப்பு மருதாணிக் கோனால் சிலருக்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் கை கொப்புளிக்கும். குற்றம் மருதாணி இலையில் இல்லை. கறுப்பு நிறம் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று சேர்க்கும் பிபிடி என்ற சாயப் பொருள்தான் காரணம். தலைமயிர்ச் சாயத்திலும் அதே பொருள் உண்டு. ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பின்னாளில் தலைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கலாம்.

இதைத் தோலில் குத்தியும் குருதியிலும் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டுப் பரிசோதனை என்று ஒன்று செய்வார்கள். சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்து, எடுத்த அன்றும் அதன்பின் ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். சீமெந்து வேலை செய்வோர், இறப்பர்க் கையுறை அணிவோர், போலி நகையால் கழுத்துப் புண்ணானோர் ஆகியோருக்கும் இதுவே பொருத்தம்.

ஊசிக்கு முன் 'டெஸ்ட்'

2023இல் அரச வைத்தியசாலைகளில் ஊசி மருந்துக்குப் பின் நேர்ந்த மரணங்கள் பற்றிச் செய்திகள் வந்தபோது, "எலர்ஜி டெஸ்ட் பாத்தாங்களா?" என்பதே எல்லார் வாயிலும் இருந்த கேள்வி. தோலில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் எந்த மருந்தின் தாக்கத்தையும் முன்கூட்டியே அறிந்துவிடலாம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. பெனிசிலின் போன்ற சில மருந்துகளுக்கு முறையான தோல் பரிசோதனைகள் உண்டு. எல்லா மருந்துக்கும் இல்லை. பாம்புக்கடிக்கான நஞ்சுமுறி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பரிசோதனையால் அதன் தாக்கத்தை முன்னறிய முடியாது என்று தாய்லாந்து ஆய்வொன்று 1986இலேயே காட்டிவிட்டது. எமது நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் 1007 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு பயனுள்ள வழியைச் சொன்னது: முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான தாக்கம் முதல் மணித்தியாலத்தில் 43 சதவீதம் குறைந்தது.

இங்கும் முதற் பாதுகாப்புக் கதைதான். முன்பு எந்த மருந்துக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். பழைய நோய் நிர்ணய அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும். "ஒரு வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை. குளிசையின் பெயர் அச்சிட்ட தாளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கதையைச் சொல்லும் மொழி

கதைதான் முதற் பரிசோதனை என்றால், அதைச் சொல்லும் மொழியும் ஒரு மருத்துவக் கருவிதான். மலையகத்தில் அந்தக் கருவி பழுதாகும் இடம் எது என்று எமக்குத் தெரியும். தாய் தமிழில் சொல்கிறாள்: "ராத்திரி மீன் தின்னுச்சு, கொஞ்ச நேரத்துல ஒதடு ஊதிருச்சு, ஒடம்பெல்லாம் சொறிஞ்சுகிட்டே இருந்திச்சு, பொறகு வாந்தி எடுத்து அப்படியே தொவண்டு விழுந்திருச்சு." தமிழ் தெரியாத வைத்தியருக்கு அதை யாரோ ஒருவர் சிங்களத்தில் "உடம்பு கடிக்குதாம்" என்று சுருக்கிச் சொல்கிறார். தாய் சொன்னதில் உதடும் தோலும் குடலும் மயக்கமும் இருந்தன. அது கடும் ஒவ்வாமையின் முழு வரைபடம். மேசைக்குப் போய்ச் சேர்ந்தது அரிப்பு மட்டும். பிறகு எவ்வளவு விலையான பரிசோதனை செய்தும் என்ன?

கிரந்தி, கரப்பான், சூடு என்ற சொற்களும் இப்படித்தான். அவை எமது பாட்டிமாரின் அனுபவத்தைச் சுமப்பவை, ஏளனத்துக்குரியவை அல்ல. ஆனால் வைத்தியரிடம் போகும்போது அந்தச் சொல்லை உடைத்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கம் இதற்குப் போதும். எழுத வேண்டியவை இவை:

1. என்ன உண்டார், குடித்தார், பூசினார், எது கொட்டியது?
2. எவ்வளவு? பச்சையாகவா, சமைத்தா?
3. எத்தனை நிமிடம் அல்லது மணித்தியாலத்துக்குப் பின் தொடங்கியது?
4. முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன, எவ்வளவு நேரம் நீடித்தது?
5. அதே பொருளை முன்பும் பின்பும் உண்டபோது என்ன ஆனது?
6. கூட உண்டவர்களுக்கும் நேர்ந்ததா?
7. அன்று வேறு மருந்து குடித்தாரா? ஓடியாடினாரா, காய்ச்சல் இருந்ததா?
8. என்ன மருந்தில் குணமானது?

தடிப்பு மறைந்துவிடும்; ஆகவே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

எழுதத் தெரியாத தாய்க்கு இதை எழுதிக் கொடுப்பது ஆசிரியராலும் முடியும், பத்தாம் வகுப்புப் பிள்ளையாலும் முடியும். எமது பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் நலன்புரிச் சங்கங்களும் இலவச மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. மலிவு விலையில் பரிசோதனைப் பொதி ஒன்றை அங்கே ஏற்பாடு செய்வதைவிட, ஒரு மேசை போட்டு, இரு மொழியும் அறிந்த ஒருவரை உட்காரவைத்து, வருபவர் சொல்வதைத் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது எவ்வளவோ பயன் தரும். அதற்குச் செலவு ஒரு பேனை, ஒரு கொப்பி. அந்த ஒரு பக்கத்தைப் பார்க்கும் வைத்தியர், எந்தப் பரிசோதனை வேண்டும் என்று தெரிந்து அனுப்புவார். பல வேளைகளில் ஒன்றுமே வேண்டாம், பிள்ளைக்கு முட்டையைக் கொடுங்கள் என்று சொல்லியும் அனுப்புவார்.